இருபத்தேழாம் நாற்காலி

சங்கவி உண்டாகியிருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்ட நாற்காலி சும்மா இருக்கவில்லை, போய்க் கம்பெனியிடம் சொல்லிவிட்டது. கம்பெனி அடுத்த வாரமே அந்த நாற்காலியைத் தூக்கிவிட்டது. நாற்காலியோடு சேர்த்துச் சங்கவியையும்.

இதைக் கேட்டு யாருக்காவது சிரிப்பு வந்தால் வரட்டும். தமயந்திக்கு வரவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

தமயந்தி கிண்டியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பொறியாளர். காற்றில் பேசும் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. நம் சட்டைப்பையிலிருக்கும் போன், காதில் செருகிக்கொள்ளும் குமிழ், மணிக்கட்டில் மாட்டும் பட்டை எல்லாமே வாயை மூடத் தெரியாத பிறவிகள். நான் இன்னார், நான் இன்னார் என்று தங்கள் அடையாள எண்ணை ஓயாமல் காற்றில் கத்திக்கொண்டே இருக்கும். அதைக் கேட்பதற்கென்று ஒருவன் ஆங்காங்கே ஆன்டெனாவை நட்டுவைத்தால் போதும். நீங்கள் காலையில் யார் வீட்டுக்குப் போனீர்கள், மத்தியானம் எந்த டாக்டரின் வாசலில் காத்திருந்தீர்கள், அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்தீர்களா இல்லையா, அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. 

இந்த அக்கிரமத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் மாறுபெயர் விதி வந்தது. தொழிலாளியின் உடம்பில் மாட்டும் எந்தக் கருவியும் கால்மணிக்கு ஒருமுறை தன் எண்ணை உதறிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. இந்த விதிக்காகத் தமயந்தி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில் அது சட்டமானபோது, அதை விளக்கி ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதில் அவள் நீலப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு கைப்பட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பட்டை உங்களைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் சொல்லாது" என்று சிரித்த முகமாகச் சொல்வாள். தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டினார்கள். தமயந்திக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையைத்தான் சங்கவி ஒரு முற்பகல் வேளையில் வந்து உடைத்தாள்.

வரவேற்பில் இருந்தவர் அவளைத் திருப்பி அனுப்பிவிடப் பார்த்தார். அவள் நகரவில்லை. தமயந்தி டீ குடிக்க வெளியே வந்தபோது நேரே எதிரில் வந்து நின்று, படத்தில் வருவது நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மலரவில்லை. பிடிபட்ட ஆளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இவளுக்கு ஒரகடம் பக்கம் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. நீளமான வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் நாற்பது பெஞ்சுகள், நாற்பது நாற்காலிகள். போன்கள் ஒன்று மாற்றி ஒன்றாக முன்னால் வரும். கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்கி அடுத்த பக்கம் தள்ளிவிட வேண்டும். சங்கவியுடையது நான்காம் வரிசையில் இருபத்தேழாம் நாற்காலி. போன வருஷம் அவளுக்கு ஒன்று தங்கி, ஊர் முழுக்கச் சொல்லிச் சர்க்கரை கொடுத்து, அப்புறம் அது இல்லாமல் போயிற்று. அடக்கி அடக்கி வைத்ததால் சிறுநீரில் கிருமி ஏறி அது கரு வரைக்கும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதனால் இந்தத் தடவை இரண்டு முடிவுகள் எடுத்தாள். மூன்று மாதம் முடிகிற வரைக்கும் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை, புருஷனிடம்கூட. இன்னொன்று, வந்தால் அடக்குவதில்லை. யார் முறைத்தாலும் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவது.

இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். வேலை போயிற்று.

"உன் பெஞ்ச எடுத்துட்டோம்னு எச்.ஆர். சாரு சொன்னாரு மேடம். சரி, எடுத்தா எடுக்கட்டும், வேற எடத்துல போடுங்கன்னேன். இந்த மாதிரி நேரத்துல வூட்ல இருந்து உடம்பப் பாத்துக்கறதுதாம்மா நல்லதுன்றாரு. எந்த மாதிரி நேரம்னு எனக்கும் சாமிக்கும் மட்டுந்தான் தெரியும். அவருக்கு யாரு சொன்னது?"

கூட வேலை செய்யும் பெண்கள் யாராவது ஊகித்திருக்கலாம் என்றாள் தமயந்தி. இல்லை என்றாள் சங்கவி. பக்கத்து நாற்காலி பெனாசிர் அவளுக்கு உயிர்த்தோழி, அவளிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர்? இன்னும் போகவில்லை. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கிப் பார்த்ததோடு சரி. அதுவும் வேறு ஊர் மருந்துக்கடையில்.

"என் கூட பாத்ரூமுக்கு வந்தது அந்தப் பட்டை ஒண்ணுதான் மேடம். அது ஒண்ணும் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

 கையிலிருந்த டீ ஆறிப்போய்விட்டது. வேலையில் இருந்தால் பிரசவ விடுப்பு உண்டு, விடுப்பில் சம்பளம் உண்டு, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. போய்விட்டால் ஒன்றும் இல்லை. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், இந்த வட்டாரத்தில் சேர்க்கும்போதே மூத்திரத்தை வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். இதை எல்லாம் சங்கவி அழாமல்தான் சொன்னாள். கிளம்பும்போது மட்டும், போன தடவை அந்தக் குழந்தைக்கு விரல் வந்திருந்தது மேடம் என்றாள்.

மறுநாளே தமயந்தி ஒரகடம் போனாள். சான்று கொடுத்த கருவியை எப்போது வேண்டுமானாலும் போய்ச் சோதிக்கும் உரிமை பரிசோதனைக்கூடத்துக்கு இருந்தது.

எச்.ஆர். மேலாளர் ஜெகதீசன் வாசலுக்கே வந்து வரவேற்றார். நல்ல மனிதர் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம், அப்படி ஒரு முகம். காபி, பிஸ்கட், முந்திரி எல்லாம் வந்தது. பட்டைகளை ஒவ்வொன்றாகத் தமயந்தி சோதித்தாள். பழுதே இல்லை. காலையில் வாசலில் ஒரு கூடையில் பட்டைகள் கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டும். யாருக்கு எந்தப் பட்டை என்று பதிவே கிடையாது. கால்மணிக்கு ஒருமுறை எல்லாப் பட்டையிலும் பச்சை விளக்கு சிமிட்டும். அரை நிமிஷம் பட்டைகள் மூச்சுக் காட்டாது. அப்புறம் புதிய எண்ணோடு பேச ஆரம்பிக்கும். எழுதிவைத்த மாதிரி, சட்டம் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. சங்கவி பொய் சொல்கிறாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அப்போதுதான் ஜெகதீசன், சும்மா இருக்க மாட்டாமல், இன்னொரு திரையைக் காட்டினார். நான்காம் வரிசை அதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கட்டங்களில் வரிசையாக எண்கள். பெரும்பாலானவை பச்சை, சில மஞ்சள், ஒன்றிரண்டு சிவப்பு. இருபத்தேழு மட்டும் வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

இதென்ன என்று கேட்டாள்.

"நாற்காலி மேடம். நெருப்பு கிருப்பு பிடிச்சா எந்த இடத்துல ஆள் மாட்டியிருக்குன்னு தெரியணும்ல? அதுக்காக ஒவ்வொரு பெஞ்சுக்கு மேலயும் ஒரு குட்டி ஆன்டெனா வெச்சிருக்கோம். நாங்க ஆளைப் பாக்கறதே இல்ல. சட்டம் கூடாதுங்குது, பாக்கல. நாங்க பாக்கறது நாற்காலியத்தான். எவ்வளவு நேரம் ஆள் இருக்கு, எத்தனை தடவை காலியாகுது, காலியானா கேண்டீனா, பாத்ரூமா. அவ்வளவுதான்."

தமயந்திக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. இருபத்தேழில் இருந்த ஒரு எண் செத்துப் போகிறது. அரை நிமிஷம் கழித்து அதே இருபத்தேழில் புதிதாக ஒன்று பிறக்கிறது. நாற்காலியை விட்டு நகராத பெண்ணுக்குப் பெயரை எத்தனை தடவை மாற்றினால் என்ன?

"சிவப்பு எதுக்கு சார்?"

"ஆரோக்கிய எச்சரிக்கை மேடம். காலையில அடிக்கடி காலியாகும், அப்புறம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே போகும். ஒரு மாதிரியான வரைபடம் வரும். எங்க சிஸ்டம் கண்டுபிடிச்சுடும்."

"நாற்காலிக்கு என்ன ஆரோக்கியம்?"

ஜெகதீசன் சிரித்துக்கொண்டார்.

"சரி, அந்த நாற்காலியில யார் உக்காந்திருக்காங்கன்னு உங்க சிஸ்டத்துக்குத் தெரியுமா?"

"தெரியவே தெரியாது மேடம். சட்டப்படி தெரியக் கூடாது."

"உங்களுக்கு?"

"எனக்குக் கண்ணு இருக்கே" என்றார் அவர்.

அந்த முந்திரித் தட்டைத் தூக்கி அவர் முகத்தில் எறியாமல் தமயந்தி எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே ஆச்சரியம்தான். ஒரு பெண் எத்தனை தடவை ஒதுங்கப் போனாள் என்று எண்ணுவதற்கு ஒரு கூட்டம். அதை வரைபடமாகப் போடுவதற்கு ஒரு கூட்டம். அந்த வரைபடத்தைப் பார்த்து அவள் வயிற்றில் கைவைப்பதற்கு ஒரு கூட்டம். இத்தனையும் செய்துவிட்டு நாங்கள் ஆளையே பார்க்கவில்லை என்று காபி கொடுக்கிறான். அதற்குக் காவலாக இவளுடைய நீலப் புடவைப் படம் வேறு.

பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த சங்கவியிடம் அவள் அதை விளக்கினாள்.

"திருவிழாக் கூட்டத்துல எல்லாரும் ஒரே சமயத்துல முகமூடியை மாத்திக்கிட்டா யார் யாருன்னு தெரியாது. பூட்டின அறைக்குள்ள நீ ஒருத்தி இருந்துக்கிட்டு மாத்தினா? யாரு ஏமாறுவாங்க? பேர் மாறினா மட்டும் பத்தாதும்மா. மாறுற நேரத்துல கூட்டத்தோட கலந்திருக்கணும்."

சங்கவி புரிந்துகொண்டாள். புரிந்ததும் அவள் கேட்டது வேறு. இந்த விதியை எழுதினப்ப எங்கள மாதிரி ஒரே எடத்துல உக்காந்து வேலை செய்றவங்க யாரும் அங்க இல்லியா என்று கேட்டாள். இல்லை. விதியை எழுதிய குழுவில் இருந்த எல்லோரும் நடந்து திரிகிறவர்கள், காரில் போகிறவர்கள், ஊர் ஊராகப் பறக்கிறவர்கள். தங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் விதி எழுதியிருந்தார்கள். 

தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தார்கள். பரிசோதனைக்கூடத்தின் இயக்குநர் தமயந்தியைக் கூப்பிட்டு, அந்தக் கம்பெனி நமக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, ஞாபகம் இருக்கட்டும் என்றார். ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் சாட்சி சொல்லப் போனாள்.

விசாரித்த அதிகாரி குணசுந்தரி என்று பெயர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். எதிரில் இருப்பவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியின் வக்கீல் நன்றாகப் பேசினார். கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்பது கம்பெனிக்குத் தெரியும். அப்படிப்பட்ட பாவத்தைக் கனவிலும் செய்யாது. எந்தத் தொழிலாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதே கம்பெனிக்குத் தெரியாது. மாறுபெயர் விதிப்படி தெரியவும் முடியாது. சான்று கொடுத்த பொறியாளரே இதோ இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். சரியாகப் பயன்படாத ஒரு நாற்காலியை எடுத்தோம், உற்பத்திச் சீரமைப்பு, அவ்வளவுதான்.

தமயந்தி எழுந்து உண்மையைச் சொன்னாள். ஆன்டெனா, கட்டங்கள், சிவப்பு நிறம், ஜெகதீசன் சொன்ன கண் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவே இல்லை என்று ஜெகதீசன் மறுத்துவிட்டார். வக்கீல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, இதில் எங்கேயாவது இந்தப் பெண்ணின் பெயர் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. எங்கேயாவது ஒரு ஆளைக் கண்காணித்தார்களா? நாற்காலியைத்தான் கண்காணித்தார்கள். நாற்காலிக்கு அந்தரங்கம் உண்டு என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? இல்லை.

அவள் பொறுமை அங்கே போய்விட்டது. மேசையைத் தட்டியே விட்டாள்.

"நாற்காலி, நாற்காலி, நாற்காலி! நீங்க எடுத்தது வெறும் நாற்காலின்னா, இந்தப் பொண்ணு எதுக்கு இங்க வந்து நிக்குது?"

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். தமயந்தியை உட்காரச் சொன்னார். அவளைக் கண்டிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வக்கீல் பக்கம் திரும்பினார்.

"அவங்க கேட்டது நல்ல கேள்வியா இருக்கே. ஆளை நீக்கினீங்களா, நாற்காலியை எடுத்தீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். ஆளை நீக்கினோம் என்றால் ஆள் யார் என்று தெரிந்திருக்கிறது. அப்புறம் இவ்வளவு நேரம் பேசியது வீண். நாற்காலியைத்தான் எடுத்தோம் என்றார்.

"எழுதிக்கறேன். அப்ப ஆளை நீங்க நீக்கவே இல்ல. இந்தப் பொண்ணு இன்னும் உங்க வேலையிலதான் இருக்கு. வராத நாளுக்கும் சம்பளத்தைப் போட்டு, திங்கக்கிழமை உள்ள விட்ருங்க."

சங்கவிக்கு நடந்தது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வாசலுக்கு வந்ததும் தமயந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது வரைக்கும் மேடமாக இருந்தவள் அங்கேதான் அக்கா ஆனாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கம்பெனி என்பது ஒரு தடவை விழுந்தால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும் ஜாதி.

திங்கட்கிழமை சாயங்காலம் சங்கவி போன் செய்தாள். இருபத்தேழாம் பெஞ்சை அவளுக்கே திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். பெஞ்ச் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஆணி முடுக்கும் கருவி இருக்கிறது. நாற்காலி மட்டும் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, ஆளைச் சேர்க்கச் சொல்லித்தான் ஆர்டர், நாற்காலியைப் பற்றி ஆர்டரில் ஒன்றும் இல்லை என்றாராம் ஜெகதீசன். நான்கு மாதக் கர்ப்பிணி, ஒரு குழந்தையை ஏற்கெனவே இழந்தவள், எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். கணுக்கால் வீங்கியிருக்கிறது.

தமயந்தி கத்திவிட்டாள். மனுஷனா அவன், அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா, நாளைக்கே இன்னொரு மனுக் கொடுக்கிறேன், பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வருகிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது, அடுத்த விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் பிரசவமே ஆகிவிடும். தானாக வேலையை விட்டு ஓடட்டும் என்பதுதான் அவர்கள் திட்டம். அது பலித்துவிடும் என்றே அவள் பயந்தாள்.

சங்கவி அவளை ஓயவிட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, அந்தப் பச்ச லைட்டு சிமிட்டும் போது எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான பேர் மாறுது? அந்த அரை நிமிசம் பட்டை ஒண்ணுமே பேசாது, அப்பிடித்தான?"

ஆமாம் என்றாள் தமயந்தி. சரிக்கா, நீங்க சாப்பிட்டுப் படுங்க என்று சங்கவி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. தமயந்தி கூப்பிட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன்கா, வேலைல இருக்கேன் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டாள். நாற்காலி கொடுத்தார்களா என்றால் இல்லை என்பாள். அப்புறம் எப்படி என்றால் பரவால்லக்கா என்பாள். தமயந்தி கொடுத்த இரண்டாவது மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

கோடை தொடங்கிய சமயத்தில் ஜெகதீசனே கூப்பிட்டார். குரலில் காபி உபசாரம் எதுவும் இல்லை. நீங்கள் சான்று கொடுத்த பட்டைகள் மொத்தமாகக் கெட்டுப்போய்விட்டன, உடனே வந்து பாருங்கள், இல்லாவிட்டால் எழுத்து மூலமாகப் புகார் கொடுப்பேன் என்றார்.

போனாள். அதே அறை, அதே திரை. நான்காம் வரிசையின் கட்டங்கள் ஒன்று விடாமல் சிவந்து கிடந்தன. பச்சை என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

"பாருங்க மேடம். நாற்பது பெஞ்சும் கர்ப்பம்னு காட்டுது. அதுல நாப்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க இருக்காங்க. கன்னியாஸ்திரி மடத்துலேர்ந்து வந்து வேலை செய்யற பொண்ணு ஒண்ணு இருக்கு. இதை நான் மேலிடத்துக்கு எப்படி அனுப்பறது?"

தமயந்தி பட்டைகளை வரவழைத்துச் சோதித்தாள். பழுது இல்லை. ஆன்டெனாக்களைப் பார்த்தாள். அதிலும் இல்லை. வேலைத்தளத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஜெகதீசன் மாடியிலிருந்த கண்ணாடிச் சுவருக்கு அவளை அழைத்துப் போனார்.

கீழே நான்காம் வரிசை தெரிந்தது. பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருபத்தேழில் வேறு யாரோ ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சங்கவி எங்கே என்று தேடினாள். வரிசையின் கோடியில், ஆறாவதோ ஏழாவதோ நாற்காலியில், மேடிட்ட வயிற்றோடு சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மணிக்கட்டுகளில் பச்சை சிமிட்டியது. உடனே அத்தனை பேரும் எழுந்தார்கள். மூச்சுக் காட்டாத அந்த அரை நிமிஷத்துக்குள், டவுன் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அதில் ஒரு முறையும் கிடையாது, வரிசையும் கிடையாது. ஒருத்தர் பின் ஒருத்தராக ஒழுங்காக நகர்ந்திருந்தால் எந்த எண் எங்கே போயிற்று என்று கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். இதைப் பிடிக்கத் தமயந்தியாலேயே முடியாது. இப்போது இருபத்தேழில் வேறொரு பெண் நின்றாள். சங்கவி இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் எப்போதும் உட்கார்ந்தே இருந்தாள்.

 விதியை எழுதியவர்கள் எழுதாமல் விட்ட வரியை இவர்கள் உடம்பால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதை ஏன் தடுக்கவில்லை என்று ஜெகதீசனைக் கேட்டாள். அவர் அலுத்துக்கொண்டார். தடுக்கப் பார்த்தாராம். ஆனால் போன்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, அவ்வப்போது எழுந்து இடம் மாறுவது முதுகுக்கு நல்லது, எல்லா வரிசையிலும் கொண்டு வாருங்கள் என்று பாராட்டி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். உற்பத்தியும் குறையவில்லை. யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று கேமரா வைத்துப் பார்க்கலாம் என்றால், கடைக்கு இன்னும் வராத மாடல்கள் இருக்கும் இடம், உள்ளே கேமராவே கூடாது என்று அதே வெளிநாட்டுக்காரர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். லைன் லீடரை நிற்க வைத்துக் குறிக்கச் சொன்னால், கால்மணிக்கொருமுறை நாற்பது பேரைத் துரத்த அவரால் ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் உறுதியாத் தெரியும் மேடம். அந்த சங்கவியை விடுங்க, அது ஊருக்கே தெரிஞ்ச கதை. இந்த வரிசையில புதுசா இன்னொருத்தி இருக்கா. காலையில பாத்ரூம்ல வாந்தி எடுக்கற சத்தம் கேட்டதா சொன்னாங்க. யாருன்னுதான் தெரியல."

தமயந்தி கண்ணாடி வழியாக நாற்பது பேரையும் பார்த்தாள். தலையில் ஒரே மாதிரி நீலத் தொப்பி, ஒரே மாதிரி வெள்ளை மேலங்கி. யார் என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மாறுபெயர் விதி வந்து இத்தனை நாளில் அது முதல் தடவையாக வேலை செய்வதை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஒரு பெண் வேலையை வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, அவசரப்படவும் இல்லை. பாத்ரூம் பக்கம் நடந்து போனாள். சற்று நேரத்தில் இன்னொருத்தி போனாள். சுவரோரம் இருந்த குடிநீர்க் குழாயில் ஒருத்தி பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

"பட்டையில கோளாறு இல்லை, ஆன்டெனாவுல இல்லை. அப்ப நாற்பதும் சிவப்பாகற அளவுக்கு அங்க என்னதான் மேடம் நடக்குது?" என்று கேட்டார் ஜெகதீசன்.

"தண்ணி குடிக்கறாங்க சார்" என்றாள் தமயந்தி.